ரத்தக்கட்டு

பாலையாவுக்குப் பந்தல்குடியில் பஞ்சர் கடை. தூத்துக்குடி ரோட்டில் லோடு ஏற்றிப் போகிற லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியும். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்தான். நூலோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல் பதினெட்டு வயசில் டயருக்குப் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஜாக்கியும் லீவரும் பிடித்த கை. உள்ளங்கை உப்புத்தாளாக இருக்கும். அந்தக் கையால் அவர் பெண்டாட்டிக்குக் கால் அமுக்கிவிடுவார் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், சொன்னவனைப் பார்த்து அவரே சிரித்திருப்பார்.

அப்படிப்பட்டவரை அமுக்க வைத்தது பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள்.

மே மாசம் பள்ளிக்கூட லீவில் அருப்புக்கோட்டையிலிருந்து நாற்பது பேர் கேதார்நாத் யாத்திரை போனார்கள். பாலையாவின் மனைவி சௌடேஸ்வரியும் போனாள். பாலவனத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். லீவு விட்டால்தான் அவளுக்கு அடுப்பிலிருந்து விடுதலை. போன நாற்பது பேரில் மலை மேல் கோயில் வரைக்கும் ஏறியும் இறங்கியும் நடந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் குதிரையில் போனார்கள், சிலர் டோலியில் போனார்கள். பதினாறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். பத்தடிக்கு ஒருதரம் மூச்சு அடைக்கும், காதுக்குள் சொந்த நெஞ்சு அடிப்பது கேட்கும் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

அவள் வீம்புக்கு நடக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலையாவுக்குக் கடையிலேயே நெஞ்சு வலி வந்து, மதுரையில் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "இவுக எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டா, கேதாரநாதா, உன் மலைய நடந்தே ஏறுறேன்" என்று வேண்டிக்கொண்டாள். எழுந்து வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "நம்மூரு சொக்கலிங்கபுரத்துச் சிவன் பத்தலையா உனக்கு?" என்று கிண்டல் பண்ணினார். இருதய நோயாளி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் கூடப் போகவும் இல்லை. அவருக்காகப் போட்ட வேண்டுதலை அவள் தனியாகவே நடந்து தீர்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் யாத்திரை வேன் தெருவுக்கு வந்தது. காசி, கேதாரம் என்று போய் வந்தவர் காலில் விழுந்து கும்பிடுவது எங்கேயும் உள்ள வழக்கம். நடந்தே ஏறியவள் கால் என்றால் கேட்க வேண்டுமா? தெருப் பெண்கள் வரிசையாக வந்து விழுந்தார்கள். சௌடேஸ்வரி கூச்சத்தில் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் இடது கெண்டைக்கால் வீங்கியிருப்பது எல்லார் கண்ணிலும் பட்டது.

கூடவே யாத்திரை போய் வந்த முத்துமாரியம்மாள்தான் சொன்னாள்: "குதிரை மேல குந்திக்கிட்டுப் போன எங்களுக்கே குறுக்கு ஒடிஞ்சு போச்சு. இவ நடந்தால்ல? அதுவும் யாருக்காக? அண்ணே, போயிட்டு வந்தவ கால அமுக்குனா பாதிப் புண்ணியம் அமுக்குனவுகளுக்கு. வெக்கப்படாம அமுக்குங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பாலையாவும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் தெரு காலியானதும் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு அவள் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க இது, எந்திரிங்க" என்றாள் அவள். தறிக்காரக் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். வெளியே தமிழ்.

"பாதிப் புண்ணியத்த விட முடியுமா?" என்றார் பாலையா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். காலை மடியில் தூக்கி வைத்ததும் கிண்டல் நின்றுவிட்டது. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு விரல்களில் நகம் கறுத்திருந்தது. தனக்காக நடந்த கால் என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு உள்ளே இறங்கியது. கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு, கெண்டைக்காலை அழுத்தி அழுத்தி நீவினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவள் பிள்ளை பெற்று வந்தபோதுகூட அவர் அவள் காலைத் தொட்டதில்லை. வெட்கப்படவேண்டிய கணக்குதான், அவரும் வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமையும் நீவினார். வீக்கம் வடியவில்லை. சனிக்கிழமை காலையில் கால் சூடாகவும் லேசாகச் சிவந்தும் இருந்தது. பஜாருக்குப் பக்கத்தில் டாக்டர் பிருந்தா என்று ஒரு சின்ன வயசுப் பெண் கிளினிக் வைத்திருக்கிறாள், அங்கே கூட்டிப்போனார். காய்ச்சல்காரர்கள் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. அந்த நெரிசலிலும் டாக்டர் இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து பார்த்தாள்.

"மலை ஏறிட்டு வந்தீங்களா? நடந்தா? திரும்பி வரும்போது ரயில்ல எவ்வளவு நேரம்?"

"ரெண்டு ராத்திரி டாக்டரம்மா. அதுக்கு முன்னாடி பஸ்ஸுல ஒரு பகல் பூரா."

"தண்ணி நெறையாக் குடிச்சீங்களா?"

சௌடேஸ்வரி சிரித்து மழுப்பினாள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும். வெளியூர் போகிற பெண்கள் எல்லாருக்கும் இது பாடம். மலையிலும் அவள் நாக்கை நனைத்ததோடு சரி. ரயிலில் நடு பெர்த்தில் ஏறிப் படுத்தவள் அவசரம் என்றால்தான் இறங்கினாள்.

டாக்டர் பாலையாவைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டையைப் பார்த்ததும், இங்கிலீஷில் சொல்லிக் குழப்பவேண்டாம் என்று நினைத்திருப்பாள். நல்ல எண்ணம்தான். "உள்ளுக்குள்ள ரத்தக்கட்டு இருக்கும்னு நெனைக்கிறேன். சீட்டு எழுதித் தாரேன். இன்னைக்கே மதுரைக்குப் போயி ஸ்கேன் எடுத்துருங்க. தள்ளிப்போடாதீங்க" என்றாள். அடுத்த ஆள் அதற்குள் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்ததும் பாலையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, ரத்தக்கட்டு!" என்றார்.

அவர் அறியாத ரத்தக்கட்டா? ஜாக்கி நழுவி முழங்காலுக்குக் கீழே விழுந்தபோது காலெல்லாம் கன்றிப்போய்க் கறுப்புக் கட்டியது. புளியும் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்துக் காய்ச்சிப் பத்துப் போட்டு, நீவி நீவிக் கட்டைக் கரைத்தார்கள். ஒரே வாரத்தில் ஓடினார். கடைக்கு வருகிற கிளீனர் பையன்கள் எத்தனை பேருக்கு அவரே நீவிவிட்டிருக்கிறார்! ரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடத்தில் ரத்தம் கன்றி நிற்பது, தேய்த்தால் கலையும். இது பரளச்சியில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதற்குப் போய் மதுரை, ஸ்கேன்! டாக்டர்கள் இருமினாலும் ஸ்கேன் எழுதத்தான் செய்வார்கள்.

"மறுபடியும் பஸ்ஸா?" என்று சௌடேஸ்வரியும் அலுத்துக்கொண்டாள். "வேணாங்க. இப்பத்தான வந்து எறங்குனேன்."

"எதுக்குப் போகணும்? நான் கரைச்சுவிடுறேன்" என்றார் பாலையா. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஆசையோடு வைத்தியம் பண்ணுகிற அரை வைத்தியன் இன்னும் மோசம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைக்கே போகவில்லை. காலையில் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை. கணுக்காலில் பிடித்து முழங்கால் வரைக்கும் கட்டைவிரலால் அழுத்தி மேலே தள்ளி நீவுவார். அப்புறம் சூடாகப் பத்து. நீவிக்கொண்டே மலைக் கதையைக் கேட்பார். பனி எப்படி இருந்தது, கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாள், குளிரில் எங்கே படுத்தாள் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் அவர் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அவளும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். நடு நடுவே பல்லைக் கடிப்பாள். "வலிக்கா?" என்றால் "இல்ல, நல்லா இருக்கு" என்பாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அவள் கால் அவர் மடியில் இருந்தது. போன் அடித்தது.

"பாலையா ஐயாவா? டாக்டர் பிருந்தா பேசுறேன். சௌடேஸ்வரி அம்மாவோட ஸ்கேன் என்னாச்சு? மதுரையில கேட்டேன், அந்தப் பேர்ல யாரும் வரலன்னாங்க. நேத்துப் பூரா மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

"ஸ்கேன் எடுக்கலம்மா" என்றார் பாலையா, ரொம்ப மரியாதையாக. "ரத்தக்கட்டுதான? நம்ம கைவைத்தியமே போதும். ரெண்டு நேரமும் நல்லா அழுத்தி நீவிவிட்டுக்கிட்டு இருக்கேன். இந்தா, இப்பக்கூட கை கால்லதான் இருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் குறுக்கிட்டாள்.

"கைய எடுங்க."

"என்னம்மா?"

"ஐயா, மொதல்ல கால்ல இருந்து கைய எடுங்க!"

கத்திய கத்தில் பாலையாவின் கை தானாக விலகியது. டாக்டர் மளமளவென்று சொன்னாள்: "நீங்க நெனைக்கிற ரத்தக்கட்டு இல்லய்யா. அடிபட்டு வந்தது இல்ல. காலுக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. அத அழுத்தித் தள்ளுனா பிச்சுக்கிட்டு மேல நெஞ்சுக்குப் போயிரும், நுரையீரல அடைச்சிரும். அம்மாவுக்கு மூச்சு வாங்குதா?"

பாலையா திரும்பி மனைவியைப் பார்த்தார். நேற்று மத்தியானம் அடுப்படிக்குப் போகும்போது பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெயிலு" என்றாள். ராத்திரி தலையணையை இரண்டாக அடுக்கிச் சாய்ந்துதான் படுத்தாள். இப்போது நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாங்குதும்மா" என்றார்.

"நடக்க விடாதீங்க. 108-க்கு நானே சொல்லுறேன்."

உறைதல்! அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறார். எதற்கென்று யார் கேட்டாலும் "ரத்தம் உறையாம இருக்க" என்று டாக்டர் மாதிரி விளக்குவார். உறைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் சனிக்கிழமையே அவளைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடியிருப்பார். கட்டு என்று விழுந்தது. கட்டு என்றால் கரைக்கத்தானே தோன்றும்?

ஆம்புலன்ஸில் கூட வந்த அருஞ்சுனை என்ற பையன் அவளுக்கு ஆக்சிஜன் மாட்டினான். வண்டி காரியாபட்டி தாண்டிப் பறந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பாலையா எதிர்ப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கையைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது சௌடேஸ்வரி அவர் பக்கம் கையை நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை. "அண்ணே, கையப் பிடிச்சுக்கோங்க, தெம்பா இருப்பாங்க" என்றான் அருஞ்சுனை. "வேணாந்தம்பி" என்றார் பாலையா. "சௌடு, தூங்கிறாத. என்னையப் பாரு. என்னையவே பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் பெரிய கட்டி. அதிலிருந்து இரண்டு சின்னத் துண்டுகள் பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தன. ரத்தம் மேலும் உறையாமல் இருக்கத் தொப்புளைச் சுற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள். நாலு நாள் கண்ணாடிக் கதவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் நல்லகண்ணு நிதானமான மனுஷர். பாலையாவை நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அவ்வளவு உயரத்துல காத்து மெலிசு. அங்க மூச்சு வாங்க வாங்க ஏறும்போது ஒடம்புல தண்ணி வத்தும், ரத்தம் கெட்டிப்படும். சிலருக்கு ரத்தம் உறையிற வேலையும் முடுக்கிவிட்ட மாதிரி ஆயிரும். மலையில இருக்கும்போது நடையாவது நடந்தாங்க, ரத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. எறங்குன கையோட ரெண்டு மூணு நாள் கால மடக்கி உக்காந்துட்டாங்க. தண்ணியும் குடிக்கல. எல்லாம் சேந்துக்கிருச்சு."

"நாப்பது பேரு போனாகளே சார்?"

"நாப்பது பேருக்கும் வராது. ஏன் இவங்களுக்குன்னு கேட்டா எனக்கே முழுசாத் தெரியாது." பிறகு கேட்டார்: "கால யாராச்சும் நீவிவிட்டீங்களா?"

மறைத்திருக்கலாம். பாலையாவுக்கு அது தோன்றக்கூட இல்லை. இரண்டு கையையும் மேஜை மேல் விரித்துக் காட்டினார். "நான்தான் சார். நாலு நாளு. நல்லா அழுத்தி." ஐம்பத்து மூன்று வயசு மனுஷர், அந்த அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

டாக்டர் அழுது முடிக்க விட்டார். "நீவியிருக்கக் கூடாது. அது நெசம். ஆனா நீவுனதாலதான் போச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீவாம இருந்தாலும் போயிருக்கலாம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று பாலையாவுக்குத் தெரியவில்லை. இனிமேல் சாகிற வரைக்கும் தெரியப்போவதும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை டாக்டர் பிருந்தா வந்தாள். வராந்தாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

"என் மேலயும் தப்பு இருக்குய்யா. தேய்க்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். உங்களுக்குப் புரியட்டும்னுதான் ரத்தக்கட்டுன்னு சொன்னேன்."

"புரிஞ்சுச்சேம்மா" என்றார் பாலையா. "அதுதான வம்பாப் போச்சு."

வெள்ளிக்கிழமை சௌடேஸ்வரியை வார்டுக்கு மாற்றினார்கள். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். சாய்ந்து உட்கார்ந்து நாலு இட்லி தின்றாள். ஆறு மாசம் மாத்திரை சாப்பிடவேண்டும், பயம் தாண்டியாகிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். பாலையா கட்டிலுக்கு நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றார். தண்ணீர் கேட்டால் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். போர்வை நழுவினால்கூட நர்ஸைத்தான் கூப்பிட்டார்.

மத்தியானம் வரைக்கும் அவளும் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன, ஏதோ ஒட்டுவாரொட்டி வந்தவள மாதிரி எட்ட நிக்கிறீக?"

"நானே உன்னையக் கொல்லப் பாத்துட்டேன், சௌடு" என்றார். நாலு நாளாக அவளிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது. "நீ எனக்காக மலை ஏறுன. நான் என்ன செஞ்சேன்? டாக்டரு சீட்டு குடுத்தும் போகாம, கட்டிய நானே பிடிச்சு மேல தள்ளியிருக்கேன். இந்தக் கையி இனிமே உம்மேல படக்கூடாது."

சௌடேஸ்வரி அடுத்த கட்டில்காரிக்குப் புரியாமல் இருக்கக் கன்னடத்துக்கு மாறினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். டாக்டருகிட்டகூடச் சொல்லல."

"என்ன?"

"மொத நாள்லயே வலிச்சுச்சு. நீங்க நீவ நீவ வலி கூடிக்கிட்டேதான் போச்சு. சனிக்கெழம உசுரே போற மாதிரி இருந்துச்சு."

பாலையா திகைத்துப்போனார். "கேட்டேனே? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே? ஏன் சொல்லல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது, புதுப்பெண்ணுக்குச் சிவப்பது போல.

"சொன்னா நிறுத்திருவீகள்ல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கேட்காமல் விட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. அடுத்த கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று பாலையா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

சௌடேஸ்வரி ஊசி குத்தாத கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"இதுல ஒண்ணும் உறையல" என்றாள். "இதப் பிடிக்கலாம்."